ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்: மலைக்கு மேலும் கீழும் நெட்வொர்க் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கிக்கு ஏற முக்கியமாக மூன்று பாதைகள்: போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. ஏறி முடித்தால் கேரளம். ஆனாலும் பூப்பாறையிலும் நெடுங்கண்டத்திலும் குமுளியிலும் கடைக்குக் கடை தமிழ் காதில் விழும். இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே நெட்வொர்க்காக இணைத்து நடத்தும் சின்ன இன்டர்நெட் நிறுவனங்களிலும் கேபிள் ஆபரேட்டர்களிடமும் வேலை பார்க்கும் தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, ஓஎஸ்பிஎஃப் ஏன் நாம நினைச்ச வழியில போக மாட்டேங்குது?" ஓஎஸ்பிஎஃப் என்பது ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி, பாக்கெட்டை எந்த வழியில் அனுப்புவது என்று முடிவு செய்யும் நெறிமுறை. இந்தக் கேள்வியையொட்டிய கேள்விகளும் பதில்களும் இங்கே. கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். ரவுட்டரில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரண வலையை வைத்துக்கொள்வோம். இணைய வாசல் தேனியில் இருக்கிறது. தேனியிலிருந்து கம்பத்துக்கும், கம்பத்திலிருந்து குமுளிக்கும் 10 ஜிகாபிட் ஃபைபர். தேனியிலிருந்து போடிக்கும் 10 ஜிகாபிட். போடியிலிருந்து பூப்பாறை, பூப்பாறையிலிருந்து நெடுங்கண்டம், நெடுங்கண்டத்திலிருந்து குமுளி, இந்த மூன்றும் 1 ஜிகாபிட் ஃபைபர். ஆக ஒரு வளையம். அது போக, கம்பத்துக்கும் நெடுங்கண்டத்துக்கும் நடுவே கம்பம்மெட்டுக் கோபுரம் வழியாக ஒரு ரேடியோ லிங்க். நல்ல நாளில் 300 மெகாபிட் தரும். ரேடியோப் பெட்டி ரவுட்டரோடு சேரும் கேபிள் மட்டும் 1 ஜிகாபிட் ஈதர்நெட். இந்தக் கடைசித் தகவலை நினைவில் வையுங்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கும்.

காஸ்ட் என்றால் என்ன?

ஓர் இன்டர்ஃபேஸ் (ரவுட்டரில் லிங்க் வந்து சேரும் முனை) வழியாக வெளியே போவதற்கு நாம் வைக்கும் விலை. 1 முதல் 65535 வரை ஏதாவது ஒரு முழு எண். ஒரு ரவுட்டரிலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழியில் ஒவ்வொரு ரவுட்டரின் வெளியேறும் இன்டர்ஃபேஸுக்கும் உள்ள காஸ்ட்டைக் கூட்டினால் அந்த வழியின் மொத்தம் வரும். எது குறைவோ அதில் பாக்கெட் போகும். கூட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கணக்கை டைக்ஸ்ட்ரா 1956-ல் யோசித்து 1959-ல் வெளியிட்டார். எல்லா ரவுட்டரும் ஒரே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனித்தனியே அதே கணக்கைப் போடுகின்றன.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1998-ல் வந்த ஆர்எஃப்சி 2328 என்ற நெறிமுறை ஆவணம்தான் இன்றைய ஓஎஸ்பிஎஃப்பின் இலக்கணம். அதில் காஸ்ட்டை லிங்க்கின் வேகத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று எங்கும் இல்லை. நெட்வொர்க்கை நடத்துபவர் வைக்கும் எண் என்றுதான் இருக்கிறது. வேகத்தை வைத்துத் தானாகப் போட்டுக்கொள்வது ரவுட்டர் செய்யும் கம்பெனிகள் கொடுத்த வசதி. அந்த வசதியையே சட்டமாக எடுத்துக்கொண்டதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். எந்த வழி முதலில், அது போனால் எது, அதுவும் போனால் எது என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். அந்த முடிவை ரவுட்டருக்குச் சொல்லும் மொழிதான் காஸ்ட்.

ரெஃபரன்ஸ் பேண்ட்வித் என்கிறார்களே, அது எதற்கு?

ரவுட்டர் தானாகக் காஸ்ட் போடும்போது ஒரு பெரிய எண்ணை லிங்க்கின் வேகத்தால் வகுக்கிறது. அந்தப் பெரிய எண்தான் ரெஃபரன்ஸ் பேண்ட்வித். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் அது இயல்பாக 100 மெகாபிட். ஜூனிப்பர், ஹுவாவே இரண்டிலும் அதே 100 தான். சிஸ்கோவிலேயே நெக்ஸஸ் வரிசையில் மட்டும் 40 ஜிகாபிட்.

100 மெகாபிட்டைப் பெரிய வேகமாக நினைத்த காலத்து எண் அது. 10 மெகாபிட் லிங்க்குக்கு 10 வரும், 100 மெகாபிட்டுக்கு 1 வரும். 1 ஜிகாபிட்டுக்கு 0.1 வர வேண்டும். ஆனால் ஒன்றுக்குக் கீழே போக முடியாது, அதனால் அதுவும் 1. 10 ஜிகாபிட்டும் 1. நூறு மடங்கு வித்தியாசம் உள்ள மூன்று லிங்க்குக்கும் ஒரே விலை.

அதனால் நம் வலையில் என்ன ஆகும்?

நெடுங்கண்டத்து வாடிக்கையாளர் ஒருவர் இணையத்துக்குப் போக வேண்டும், அதாவது தேனிக்கு. எதையும் தொடாமல் இயல்பு நிலையிலேயே விட்டிருக்கிறீர்கள். குமுளி வழி: நெடுங்கண்டத்திலிருந்து குமுளி 1, குமுளியிலிருந்து கம்பம் 1, கம்பத்திலிருந்து தேனி 1, மொத்தம் 3. போடிமெட்டு வழி: பூப்பாறை 1, போடி 1, தேனி 1, அதுவும் 3. ரேடியோ வழி: கம்பம் 1, தேனி 1, மொத்தம் 2.

ரேடியோ ஜெயித்துவிட்டது. ஜிகாபிட் ஃபைபர் இரண்டு பக்கமும் சும்மா கிடக்க, ஊர் முழுவதும் 300 மெகாபிட்டில் நெருக்கியடிக்கிறது. காலையில் ஒன்றும் தெரியாது. புத்தடியிலும் போடியிலும் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் நேரத்தில் வியாபாரிகளின் திரை இழுக்க ஆரம்பிக்கும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் வீடியோ ஓடும்போது போன் வர ஆரம்பிக்கும். ஃபைபரைச் சோதித்தால் சுத்தமாக இருக்கும். ரவுட்டரில் பிழை எதுவும் காட்டாது. காட்டவும் செய்யாது, ஏனென்றால் ஓஎஸ்பிஎஃப் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

சரி, ரெஃபரன்ஸை எவ்வளவு வைக்கலாம்?

உங்கள் வலையில் இன்று இருக்கும் மிக வேகமான லிங்க்கைவிடப் பத்து மடங்கு வையுங்கள். 10 ஜிகாபிட் இருந்தால் 100 ஜிகாபிட். சிஸ்கோவில் அளவு மெகாபிட்டில், எனவே 100000:

ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 1
ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 100000

இப்போது 10 ஜிகாபிட்டுக்கு 10, 1 ஜிகாபிட்டுக்கு 100, 100 மெகாபிட்டுக்கு 1000. நாளைக்கு 40 ஜிகாபிட்டோ 100 ஜிகாபிட்டோ வந்தாலும் இடம் இருக்கிறது.

ரொம்பப் பெரிதாக வைத்தாலும் தொல்லை உண்டு. மேல் எல்லை 65535 தான். 100 ஜிகாபிட் ரெஃபரன்ஸில் 1 மெகாபிட் லிங்க்குக்கு 100000 வர வேண்டும், வராது, 65535-ல் நின்றுவிடும். எஸ்டேட் பக்கம் பழைய மெல்லிய லிங்க் இரண்டு மூன்று இருந்தால் அவற்றுக்குள் வித்தியாசம் தெரியாமல் போகும். அவற்றுக்குக் கையால் காஸ்ட் கொடுத்துவிடுங்கள்.

ஒரு ரவுட்டரில் மட்டும் மாற்றிப் பார்க்கலாமா? மற்றதை அப்புறம் மாற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்தக் கட்டளையை அடித்ததும் சிஸ்கோவே எல்லா ரவுட்டரிலும் ஒரே அளவு இருக்கட்டும் என்று ஒரு வரி எச்சரிக்கை போடும். அதை நிறையப் பேர் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள்.

ஏன் என்று பாருங்கள். தேனி, கம்பம், குமுளி, நெடுங்கண்டம் நான்கிலும் மாற்றிவிட்டீர்கள். போடி, பூப்பாறை இரண்டும் பழைய 100-லேயே இருக்கின்றன. தேனியிலிருந்து நெடுங்கண்டத்துக்குக் குமுளி வழி 10, 10, 100 சேர்ந்து 120. போடி வழி? தேனியிலிருந்து போடி 10, போடியிலிருந்து பூப்பாறை பழைய கணக்கில் 1, பூப்பாறையிலிருந்து நெடுங்கண்டம் 1. மொத்தம் 12. மாற்றாத ரவுட்டர்கள் எல்லாம் மலிவாகத் தெரிவதால் டிராஃபிக் முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

இதில் மோசம் என்னவென்றால், ஓஎஸ்பிஎஃப் அண்டை ரவுட்டர்கள் ஹலோ சொல்லிக்கொள்ளும்போது ஏரியா (வலையைப் பிரித்து வைக்கும் பகுதி) எண், டைமர், சப்நெட் மாஸ்க் எல்லாவற்றையும் ஒப்பிடும். காஸ்ட்டை ஒப்பிடாது. அதனால் உறவு அறுந்து எச்சரிக்கை வராது. வலை வேலை செய்துகொண்டே இருக்கும், வழி மட்டும் தப்பாக இருக்கும். நிரந்தரமாகச் சுற்றிச் சுற்றி வரும் லூப் உண்டாகாது, எல்லோரிடமும் ஒரே வரைபடம் இருப்பதால். மாறும் அந்தச் சில நொடிகளில் மட்டும் சிறு சுழல் வரலாம்.

எனவே கூட்டம் இல்லாத ராத்திரி நேரத்தில், எல்லா ரவுட்டரிலும் ஒரே மூச்சில் மாற்றுங்கள். ரெஃபரன்ஸை மாற்றுவதால் அண்டை உறவு அறாது. புதிய காஸ்ட் பரவி, எல்லோரும் மறுபடி கணக்குப் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். வெவ்வேறு கம்பெனி ரவுட்டர் கலந்திருந்தால் ஒவ்வொன்றிலும் எந்த அலகில் கேட்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஜூனிப்பரில் அளவைப் பிட்டில் கொடுக்க வேண்டும், 100ஜி என்று சுருக்கியும் எழுதலாம்.

ரெஃபரன்ஸை எல்லா இடத்திலும் மாற்றியாச்சு அண்ணே. இன்னும் ரேடியோவில்தான் போகுது!

போகும். கூட்டிப் பாருங்கள். ரேடியோ வழி: 100, பிறகு 10, மொத்தம் 110. குமுளி வழி 120. ரேடியோ இன்னமும் மலிவு.

ரவுட்டருக்குத் தெரிவது தன் உடம்பில் செருகியிருக்கும் கேபிளின் வேகம் மட்டும்தான். அது 1 ஜிகாபிட் ஈதர்நெட். அதற்கு அப்பால் கோபுரத்தில் என்ன இருக்கிறது, அது 300 கொடுக்கிறதா 30 கொடுக்கிறதா என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை. ரேடியோ, வாடகைக்கு எடுத்த லைன், இன்னொருவர் சுவிட்ச் வழியாக வரும் விலான் (ஒரே கேபிளில் பிரித்து ஓட்டும் தனி நெட்வொர்க்), இப்படி நடுவில் வேறு பெட்டி இருக்கும் எந்த லிங்க்குக்கும் தானியங்கிக் காஸ்ட்டை நம்பாதீர்கள். கையால் கொடுங்கள்:

இன்டர்ஃபேஸ் ஜிகாபிட்ஈதர்நெட் 0/2
ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 2000

கையால் கொடுத்தது இருந்தால் ரவுட்டர் தானாகப் போட்டதை விட்டுவிடும்.

300 மெகாபிட்டுக்கு 333 தானே வரும்? ஏன் 2000?

சூத்திரப்படி 333 சரிதான். அதையே வைத்தால் ரேடியோ வழி 343, குமுளி 120, போடிமெட்டு 210. வரிசையும் நாம் விரும்பியபடிதான் இருக்கிறது. இன்றைக்கு.

ஆறு மாதம் கழித்துத் தொழில் வளர்கிறது. பூப்பாறைக்கும் நெடுங்கண்டத்துக்கும் நடுவில் சாந்தன்பாறையிலும் உடும்பன்சோலையிலும் ரவுட்டர் வைக்கிறீர்கள். ஒரே 1 ஜிகாபிட் லிங்க்காக இருந்தது மூன்று துண்டாகிறது, காஸ்ட் 100-லிருந்து 300 ஆகிறது. போடிமெட்டு வழி இப்போது 410. குமுளிப் பக்கம் ஃபைபர் அறுந்த அன்று, நல்ல ஃபைபர் போடிமெட்டு வழியே இருக்கும்போதே, 343-க்கு ரேடியோ முந்திக்கொள்ளும். யாரும் ரேடியோவின் காஸ்ட்டைத் தொடவில்லை. புது ரவுட்டர் வைத்தவர் ரேடியோவைப் பற்றி நினைக்கவும் இல்லை.

"ஃபைபர் ஏதாவது ஒரு பக்கம் உயிரோடு இருக்கும்வரை ரேடியோவைத் தொடக்கூடாது" என்பது உங்கள் முடிவு என்றால், வளையம் முழுவதும் சுற்றி வந்தாலும் எட்டாத எண்ணை ரேடியோவுக்குக் கொடுங்கள். 2000 அதற்குத்தான். முதலில் முடிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள், பிறகு எண்ணைத் தேடுங்கள். இந்த வேலையில் நான் யாருக்கும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்.

பேண்ட்வித் கட்டளையை வைத்து 300000 என்று கொடுத்தாலும் காஸ்ட் மாறுகிறதே, அது தப்பா?

மாறும். அந்தக் கட்டளை கிலோபிட்டில் எடுத்துக்கொள்ளும். லிங்க்கின் உண்மை வேகத்தைத் தொடாது, ரவுட்டர் நம்பும் எண்ணை மட்டும் மாற்றும். ஆனால் அதே எண்ணைத்தான் இன்னொரு வழித்தேர்வு நெறிமுறையான இஐஜிஆர்பி பார்க்கிறது, டிராஃபிக்குக்கு முன்னுரிமை பிரிக்கச் சதவீதத்தில் எழுதிய கியூஓஎஸ் பார்க்கிறது, டிராஃபிக் வரைபடம் போடும் மென்பொருளும் பார்க்கிறது. ஒன்றைச் சரிசெய்யப் போய் மூன்று இடத்தில் கணக்கு நகரும். லிங்க்கின் உண்மைக் கொள்ளளவு அதுதான் என்றால் பேண்ட்வித்தையும் சரியாக எழுதி வையுங்கள், நல்லதே. வழியைத் திருப்புவதற்காகப் பொய் எண் எழுதாதீர்கள். அதற்குக் காஸ்ட் இருக்கிறது.

நெடுங்கண்டத்தில் ரேடியோவுக்கு 2000 கொடுத்தேன். அப்லோடு ஃபைபரில் போகிறது, டவுன்லோடு இன்னும் ரேடியோவில் வருகிறது. ஏன்?

காஸ்ட் வெளியேறும் திசைக்கு மட்டும். நெடுங்கண்டத்து ரவுட்டரில் கொடுத்தது நெடுங்கண்டத்திலிருந்து கிளம்பும் பாக்கெட்டுக்கு மட்டும் பொருந்தும். கம்பத்து ரவுட்டரில் அதே ரேடியோவுக்கு இன்னும் 100 தான் இருக்கிறது. தேனியிலிருந்து வருவதற்கு ரேடியோ வழி 10 கூட்டல் 100, மொத்தம் 110. குமுளி வழி 120. அதனால் டவுன்லோடு ரேடியோவில்.

நம்மூர் வாடிக்கையாளர்கள் ஏற்றுவதைவிட இறக்குவதுதான் அதிகம். அதாவது பெரிய சுமை தப்பான வழியில் வருகிறது. தேனி முனையிலிருந்து பார்க்காமல், நெடுங்கண்டத்திலிருந்து மட்டும் டிரேஸ்ரூட் (பாக்கெட் போகும் வழியைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று கீழே இறங்கி வந்துவிடுவார்கள். இரண்டு முனையிலிருந்தும் டிரேஸ்ரூட் போடுங்கள். லிங்க்கின் இரண்டு பக்கமும் ஒரே எண் வையுங்கள்.

வழியில் எங்காவது ஃபயர்வால் இருந்தால் இது வேகக் குறைவோடு நிற்காது. ஃபயர்வால் ஓர் இணைப்பின் போக்கையும் வரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் அனுமதிக்கும். போனது ஒரு வழி, வந்தது இன்னொரு வழி என்றால் அதற்குப் பாதிக் கதைதான் தெரியும். பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும்.

மழை பெய்தால் ரேடியோ லிங்க்கின் காஸ்ட் தானாக ஏறாதா?

ஏறாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைக்கு மேலே இதுதான் தினமும் நடப்பது. தென்மேற்குப் பருவத்தில் மேலே இடுக்கியில் மழை கொட்டும். கீழே கம்பம் பள்ளத்தாக்கில் பலத்த காற்று மட்டும் அடிக்கும். தேனி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஜன்னலுக்கு வெளியே வெயில் தெரியும்.

முதலில் எந்த அலைவரிசை என்று பாருங்கள். 10 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ரேடியோக்களை, உதாரணமாக 18 அல்லது 23 ஜிகாஹெர்ட்ஸ், மழைத்துளி நேரடியாகவே அடிக்கும். உரிமம் தேவைப்படாத 5 ஜிகாஹெர்ட்ஸில் மழை பெரிய விஷயம் இல்லை. அங்கே வில்லன் வேறு: குறுக்கே வளர்ந்து ஈரமான மரக்கிளை, காற்றில் அரை விரல் திரும்பிப்போன ஆன்டெனா, கோபுரத்தில் கரண்ட். மேலே கேரள மின்வாரியம், கீழே தமிழ்நாட்டு மின்வாரியம். ஒரு முனையில் கரண்ட் இருப்பதால் மறுமுனையிலும் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

சிக்னல் குறைந்தால் இன்றைய ரேடியோக்கள் உடனே அறுந்துவிடுவதில்லை. மாடுலேஷனை, அதாவது அலையில் ஒரு தடவைக்கு எத்தனை பிட் ஏற்றுவது என்பதை, குறைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும். 256 க்யூஏஎம்மில் ஒரு சிம்பலுக்கு 8 பிட் போகும். க்யூபிஎஸ்கேவுக்கு இறங்கினால் 2 பிட்தான். லிங்க் உயிரோடு இருக்கும், ஆனால் கால்வாசிக் கொள்ளளவில். ரவுட்டர் பக்கம் பச்சை விளக்கு எரியும், ஈதர்நெட் 1 ஜிகாபிட் என்றே காட்டும், ஹலோ பாக்கெட் சின்னது என்பதால் அதுவும் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்துவிடும். காஸ்ட் அசையாது.

முழுதாகச் செத்தாலும் ரவுட்டருக்கு உடனே தெரியாது. கேபிள் ரேடியோப் பெட்டி வரைக்கும்தானே, அது நன்றாகத்தானே இருக்கிறது. ஹலோ 10 நொடிக்கு ஒன்று, 40 நொடி வரவில்லை என்றால்தான் அண்டை போய்விட்டது என்று முடிவு செய்யும். அந்த 40 நொடியும் பாக்கெட் காற்றில் போகும். இதற்கு மருந்து பிஎஃப்டி. ஒரு நொடிக்குள் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ஆனால் மழையில் தடுமாறும் லிங்க்கில் ரொம்ப இறுக்கமாக வைத்தால் அறுந்து அறுந்து ஒட்டும். 300 மில்லி நொடி இடைவெளி, மூன்று தவறினால் அறுப்பு, இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்.

சில ரேடியோக்கள் தன் கொள்ளளவு குறைந்ததை ரவுட்டருக்குச் செய்தியாக அனுப்பும். அதைப் புரிந்துகொள்ளும் ரவுட்டரும் சில உண்டு. இரண்டும் உங்களிடம் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாதவர்களுக்கு நேர்மையான வழி, லிங்க் நல்ல நாளில் தருவதை வைக்காமல், மோசமான நாளில் தருவதை வைத்துக் காஸ்ட் போடுவது.

லோடு ஏறினால் தானாகக் காஸ்ட் ஏறும்படி வைத்தால் என்ன?

ஸ்கிரிப்ட் எழுதி இதைச் செய்யும் ஆசை எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும். உலகத்தின் முதல் பெரிய பாக்கெட் வலையான ஆர்ப்பாநெட்டிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். 1979-ல் தாமதத்தை அளந்து வழி தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கூட்டம் குறைவாக இருந்தபோது நன்றாக ஓடியது. கூட்டம் ஏறியதும், நெரிசலான லிங்க்கை விட்டு எல்லா டிராஃபிக்கும் ஒன்றாகக் காலி லிங்க்குக்குத் தாவியது. அது நிரம்பியதும் மறுபடி இங்கே தாவியது. ஊசலாட்டம் நிற்கவில்லை. 1987-ல் அந்த அளவுகோலையே மாற்றி, ஏற்ற இறக்கத்துக்கு வரம்பு கட்டினார்கள்.

நம் வலையில் இரண்டு மலைப்பாதை மட்டும் இருக்கும்போது இந்த ஊசலாட்டம் இன்னும் மோசமாக இருக்கும். வேண்டாம்.

ஃபைபரே இல்லாமல் முழுக்க ரேடியோவால் ஆன வலை என்றால் பேபல் என்ற நெறிமுறையைப் பாருங்கள். 2021-ல் வந்த ஆர்எஃப்சி 8966. அது லோடை அளப்பதில்லை. எத்தனை பாக்கெட் வழியில் தொலைகிறது என்பதைப் பார்த்து ரேடியோ லிங்க்கின் விலையை மாற்றிக்கொள்ளும்.

இரண்டு ஃபைபர் வழியிலும் பாதிப் பாதியாகப் பிரித்து அனுப்ப முடியுமா?

மொத்தம் அச்சாகச் சமமாக இருந்தால் ஓஎஸ்பிஎஃப் பிரித்து அனுப்பும். நம் உதாரணத்தில் பூப்பாறை–போடி லிங்க்குக்கு இரண்டு பக்கமும் 10 கொடுத்தால் நெடுங்கண்டத்துக்குப் போடிமெட்டு வழியும் 120 ஆகிவிடும். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் இயல்பாக நான்கு சம வழிகள் வரை எடுத்துக்கொள்ளும். ஒரு இணைப்பின் பாக்கெட் எல்லாம் ஒரே வழியில்தான் போகும், எனவே அச்சாகப் பாதி வராது, கிட்டத்தட்ட வரும். 120-க்கும் 210-க்கும் விகிதம் பார்த்துப் பிரிப்பது ஓஎஸ்பிஎஃப்பால் ஆகாது.

பிரித்த பிறகு ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் 700 மெகாபிட் ஓடிக்கொண்டிருந்து ஒரு பக்கம் மண்சரிந்து ஃபைபர் போனால், 1400 மெகாபிட் 1 ஜிகாபிட்டில் நுழைய வேண்டும். ஒவ்வொன்றும் பாதிக்கு மேல் ஏறும்போதே லிங்க்கைப் பெரிதாக்கும் பேச்சை முதலாளியிடம் ஆரம்பித்துவிடுங்கள்.

காஸ்ட்டை மாற்றினேன், வழி மாறவே இல்லை. எங்கே பார்ப்பது?

காஸ்ட் கடைசியாகத்தான் பேசும். முதலில் நீளமான பிரிஃபிக்ஸ், அதாவது இன்னும் குறிப்பான முகவரித் தொகுதி, ஜெயிக்கும்: /24 இருந்தால் /16-ன் காஸ்ட் என்னவாக இருந்தாலும் கவலை இல்லை. அடுத்து யார் சொன்ன வழி என்பது. யாரோ எப்போதோ கையால் எழுதிய ஸ்டாட்டிக் ரூட் இருந்தால் அதன் மதிப்பு 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, குறைந்தது ஜெயிக்கும் என்பதால் ஸ்டாட்டிக்தான் நிற்கும். நம் பக்கம் நான் பார்த்த வலைகளில் அதிகம் இருப்பது இதுதான், அவசரத்துக்குப் போட்டு அப்படியே விட்ட ஸ்டாட்டிக் ரூட்.

அப்புறம் ஏரியா. ஒரே ஏரியாவுக்குள் உள்ள வழியை, வேறு ஏரியா வழியாகச் சுற்றி வரும் வழியைவிட எப்போதும் ஓஎஸ்பிஎஃப் விரும்பும், காஸ்ட் ஆயிரம் மடங்கு அதிகமாக இருந்தாலும். அதற்கும் பின்னால்தான் வெளியிலிருந்து கொண்டுவந்த வழிகள்: முதலில் ஈ1 (வெளி மெட்ரிக்கோடு உள்ளே போகும் தூரத்தையும் கூட்டும் வகை), பிறகு ஈ2. சிஸ்கோவில் இயல்பாக வருவது ஈ2. அதில் வெளி மெட்ரிக் மட்டும் முதலில் ஒப்பிடப்படும். அது சமமாக இருந்தால்தான் உள்ளே போகும் தூரம் பார்க்கப்படும். போடியில் ஒன்று, கம்பத்தில் ஒன்று என இரண்டு இணைய வாசல் வைத்து, "பக்கத்தில் இருப்பதில் போகட்டும்" என்று நினைப்பவர்கள் ஈ1 ஆக மாற்றிக்கொள்வது தெளிவு.

மைக்ரோடிக்கில் ரெஃபரன்ஸ் பேண்ட்வித் எங்கே இருக்கிறது?

இல்லை. மைக்ரோடிக் ரவுட்டர்களின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் வேகத்தைப் பார்த்துக் காஸ்ட் போடாது. ஆறாம் பதிப்பில் எல்லா இன்டர்ஃபேஸுக்கும் 10, ஏழாம் பதிப்பில் 1. சிஸ்கோவும் மைக்ரோடிக்கும் கலந்த வலையில், சிஸ்கோ 100 என்று சொல்லும் லிங்க்கை மைக்ரோடிக் 1 என்று சொல்லிக்கொண்டிருக்கும். மேலே பார்த்த பாதி மாற்றிய வலையின் அதே நோய். ஏழாம் பதிப்பில் இன்டர்ஃபேஸ்-டெம்ப்ளேட்டில் ஒவ்வொன்றுக்கும் காஸ்ட்டைக் கையால் எழுதுங்கள். ஆறிலிருந்து ஏழுக்கு ஏற்றுபவர்கள் ஏற்றிய பின் காஸ்ட்டை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவும்.

விலான் இன்டர்ஃபேஸ், டனல், போர்ட்-சேனல், இவற்றுக்குக் காஸ்ட் எப்படி?

சிஸ்கோ சுவிட்சில் விலான் இன்டர்ஃபேஸ் தன்னை 1 ஜிகாபிட் என்றே சொல்லிக்கொள்ளும், அடியில் 10 ஜிகாபிட் போர்ட் இருந்தாலும். கையால் கொடுங்கள். ஜிஆர்இ டனல் (இன்னொரு வலைக்குள் புகுந்து போகும் மெய்நிகர் லிங்க்) தன்னை 100 கிலோபிட் என்று சொல்லும், அதனால் 100 ஜிகாபிட் ரெஃபரன்ஸில் நேராக 65535. கையால் கொடுங்கள். பல லிங்க்கை ஒன்றாகக் கட்டிய போர்ட்-சேனலில் ஓர் இழை அறுந்தால் பேண்ட்வித் குறைந்து காஸ்ட் ஏறும், டிராஃபிக் வேறு வழிக்குத் தாவலாம். அதுதான் உங்களுக்கு வேண்டும் என்றால் விடுங்கள். வேண்டாம் என்றால் கையால் கொடுங்கள்.

ரூட்டிங் டேபிளில் வரும் எண்ணும் நான் கூட்டியதும் பொருந்தவில்லையே?

கடைசி ரவுட்டரின் உள்பக்க இன்டர்ஃபேஸை விட்டிருப்பீர்கள். நெடுங்கண்டத்திலிருந்து தேனி ரவுட்டர் வரை 120. ஆனால் நீங்கள் பார்ப்பது தேனி ரவுட்டருக்குப் பின்னால் உள்ள சர்வர் நெட்வொர்க். அந்த 1 ஜிகாபிட் இன்டர்ஃபேஸின் 100-ம் சேரும். டேபிளில் இப்படி இருக்கும்: [110/220]. முன்னால் உள்ளது ஓஎஸ்பிஎஃப்பின் மதிப்பு, பின்னால் உள்ளது மொத்தக் காஸ்ட். எந்த வழியில் வந்தாலும் இந்த 100 சேரும் என்பதால் வழித் தேர்வு மாறாது.

கோபுரத்தில் வேலை இருக்கிறது. லிங்க்கை எப்படி அலுங்காமல் காலி செய்வது?

ஷட்டவுன் அடிக்காதீர்கள். இரண்டு முனையிலும் காஸ்ட்டை 65535 ஆக்குங்கள். டிராஃபிக் மாற்று வழிக்கு நகர்ந்துவிடும், அண்டை உறவு அப்படியே இருக்கும். வேலை நடக்கும்போது மாற்று வழியும் அறுந்தால் இந்த லிங்க் இன்னும் கைகொடுக்கும், ஏனென்றால் 65535 என்பது ரொம்ப விலை, தடை இல்லை. இன்டர்ஃபேஸில் டிராஃபிக் வடிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மேலே இருப்பவருக்கு "கழட்டலாம்" என்று சொல்லுங்கள். ரவுட்டரையே மாற்ற வேண்டும் என்றால் மேக்ஸ்-மெட்ரிக் ரவுட்டர்-எல்எஸ்ஏ என்று ஒரே வரியில் எல்லா லிங்க்குக்கும் இதைச் செய்துவிடலாம். ஜூனிப்பரில் இதற்கான கட்டளை ஓவர்லோடு.

ஐபிவி6-க்கும் இதே காஸ்ட் பொருந்துமா?

பொருந்தாது. அது ஓஎஸ்பிஎஃப்வி3, தனி ஓட்டம். ரெஃபரன்ஸ் பேண்ட்வித்தை அங்கேயும் தனியாக எழுத வேண்டும், ரேடியோவுக்கு ஐபிவி6 ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 2000 என்று இரண்டு முனையிலும் தனியாகக் கொடுக்க வேண்டும். இன்றைய போன்களும் உலாவிகளும் ஐபிவி6 கிடைத்தால் அதைத்தான் முதலில் எடுக்கும். ஐபிவி4-ஐ மட்டும் சரிசெய்துவிட்டு டிரேஸ்ரூட்டும் அதிலேயே போட்டுப் பார்த்தால் எல்லாம் குமுளி வழியே போவதாகத் தெரியும். வாடிக்கையாளரின் வீடியோ மட்டும் கம்பம்மெட்டு ரேடியோவில் வந்துகொண்டிருக்கும். டிரேஸ்ரூட்டை இரண்டிலும் போடுங்கள்.